எனக்குப் போட்ட நாற்காலி

சோதனைக்கு வருகிறவனுக்கு யாரும் நாற்காலி போடமாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உட்கார்ந்தால் இன்னும் நாலு குறை கண்டுபிடிப்பான் என்ற பயம், நியாயமான பயம்தான். நீங்கள் விசாரிக்க வந்த முதல் நாளே நாற்காலியைக் காட்டி "உட்காருங்க" என்றீர்கள். அதனால்தான் உங்களிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறேன். நேற்றுக் கிளம்பும்போது "வேற எந்த மைதானத்துலயாவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் 'பார்வையாளர் பாதுகாப்பு மற்றும் தரச்சான்று உயர்நிலைப் பிரிவு'. பெயர்ப்பலகை மேசையைவிட நீளம். பிரிவு என்பது நானும் அந்த மேசையும்தான். மேசை கழிப்பறைக்குப் பக்கத்தில். பெரிய மைதானங்களுக்குப் பெரிய அதிகாரிகள் காரில் போவார்கள். சின்னக் கால்பந்து மைதானங்கள் என் பங்கு. ஒரு பக்கம் கேலரி, மறுபக்கம் மண்மேடு, இரண்டு கேட், அதில் ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும். கூட்டம் நெரிந்தால் வெளியே போக வழி உண்டா, கேலரிப் படியில் கால் தடுக்குமா, முன்வரிசைத் தடுப்புக் கம்பி ஆட்கள் சாய்ந்தால் தாங்குமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். எல்லாம் சரியென்றால் முழுச் சான்றிதழ். பிறகு பல வருடங்களுக்கு நான் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. குறை இருந்தால் நிபந்தனைச் சான்றிதழ். அடுத்த மாதமே மறுபடி போகவேண்டும்.

வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு கிடக்கின்றன. மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். சண்டையெல்லாம் கிடையாது. போனில் "சாப்டீங்களா?" என்பாள், "ஆச்சு" என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒரே நாற்காலி தேய்ந்துபோகக் கூடாதென்று தினம் ஒன்றாக மாற்றி உட்காருவேன்.

இப்போது உங்கள் விசாரணைக்குள்ளான அந்த மைதானம். வாசலில் 'சர்வதேசத் தரம்' என்று எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே சுவர் பெயர்ந்து செங்கல் தெரிந்தது. கிளப் செயலாளர் அதை மைதானம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அரங்கம் என்பார். "நம்ம அரங்கத்துல நீங்க ஒரு குறை சொல்லிட முடியாது சார்" என்று சொல்லியபடி கைப்பிடிக் கம்பியைத் தட்டிக் காட்டினார். கம்பி அவர் கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டே மீதி மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்.

பராமரிப்பு முழுக்க ஒரே ஆள். உடைந்தது எதையும் ஒட்டிவிடுவான் என்பதால் அவனுக்குப் பெயர் கோந்து. செயலாளர் என்னை வெயிலில் நிற்கவைத்துக் கிளப்பின் பெருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கால் ஒட்டிய ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "உக்காருங்கண்ணே. இடப்பக்கம் மட்டும் சாயாதீங்க" என்றான். என் கூடப்பிறந்த தம்பி என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

மூலையில் டீக்கடை வைத்திருந்த பெண்மணி எல்லோருக்கும் அக்கா. என்னைவிடச் சின்னவள், ஆனாலும் எனக்கும் அக்கா. கேட்காமலே டீ கொடுத்தாள். நான் சர்க்கரை குறைவாகக் குடிப்பேன் என்பதை அடுத்த மாதம் நான் சொல்லாமலே நினைவில் வைத்திருந்தாள்.

அங்கிருந்த குறைகள் எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிட்டேன். ஆனால் ஏழை கிளப் ஒன்றின் தலையில் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டுவது மனிதத்தன்மை இல்லை. மாதத்துக்கு ஒன்றாகச் சொன்னேன். முதலில் படிகளின் ஓரத்தில் வெள்ளைக்கோடு. பிறகு தீயணைப்புக் கருவி. பூட்டியிருந்த கேட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதுவரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது பூட்டித்தான் இருந்தது, ஒன்றும் ஆகிவிடவில்லை.

"வாங்க சார், இந்தத் தடவை என்ன குறை கொண்டுவந்திருக்கீங்க?" என்பாள் அக்கா.

"நான் எங்க கொண்டுவர்றேன், எல்லாம் இங்கயே இருக்கு."

"ஆமா, எங்க கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கும். உங்களைப் பாத்தா ஓடியாந்து நிக்கும்."

கோந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். அந்த ஒரு நாளுக்காக மாதத்தின் மற்ற நாட்களை ஓட்டிவிடலாம்.

இப்படியே போய், ஒரு தடவை கோந்து வாசலிலேயே நின்று வரவேற்றான். சட்டையெல்லாம் பெயின்ட். "அண்ணே, இன்னைக்கு மாட்டமாட்டோம்" என்றான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு கேட்டும் திறந்து மூடின. ஒவ்வொரு கம்பியாக உடம்பைக் கொடுத்துத் தள்ளினேன், ஒன்றுகூட அசையவில்லை. இனி முழுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லவேண்டும். அதில் போவது மட்டும்தான் இருக்கும்.

குறிப்பெழுதுவதாகச் சொல்லி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தேன். பையில் ஸ்பேனர் இருந்தது. அலுவலகம் கொடுத்ததுதான், சோதனைக்காக. தடுப்புக் கம்பியின் அடியில் இருந்த ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு கோந்துவைக் கூப்பிட்டு அசைத்துக் காட்டினேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று. "நேத்து என் கையால முடுக்கினேண்ணே" என்றான். "விடு, அடுத்த மாசம் வந்து பாக்கிறேன்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமும் அப்படித்தான். ஆனால் எப்போதும் தனியாக உட்கார வாய்க்குமா? அவன் நாய்க்குட்டி மாதிரி கூடவே வரத் தொடங்கிவிட்டான், எங்கே தப்பு செய்கிறோம் என்று கற்றுக்கொள்ள. ஆகவே ஒரு நாள், அவன் டீ வாங்கப் போன நேரத்தில், வரப்போகிற மாதங்களுக்கும் சேர்த்து வரிசையாகச் சில நட்டுகளைத் தளர்த்தி வைத்தேன். வீட்டுப் பெண்கள் டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைப்பதில்லையா, அந்த மாதிரி.

நான் எதிர்பார்க்காதது என் மேலதிகாரியை. கிளப்பின் இறுதிப் போட்டிக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகச் செயலாளர் அழைத்துவிட்டார். சிறப்பு விருந்தினர் வெறுங்கையோடு போகமுடியுமா? முழுச் சான்றிதழைத் தாமே கையெழுத்திட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மைதானத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார்.

மேடையில் எனக்கும் இடம் இருந்தது. அதே ஒட்டுப்போட்ட நாற்காலி. கோந்து அதற்குப் புதுத் துணி சுற்றியிருந்தான். மேலதிகாரி, பாதுகாப்பு என்பது கம்பியில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்று பேசினார். பலத்த கைதட்டல். கைதட்டியவர்கள் கம்பியில் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

எழுந்து மைக்கைப் பிடித்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். வாஸ்தவம். ஆனால் என்ன சொல்வது? சொன்னபிறகு கோந்து என்னை அண்ணே என்பானா? அக்கா டீ போடுவாளா? இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே கோல் விழுந்துவிட்டது.

பின்வரிசைகள் குதித்து இறங்கின. கம்பி சத்தமில்லாமல் முன்னால் சாய்ந்தது. அப்படித்தான் சாயும். கோந்து மட்டும் எதிர்த்திசையில் ஓடிவந்து அதற்குத் தோளைக் கொடுத்தான். அவனால் ஒட்டமுடியாமல் போனது அது ஒன்றுதான். செத்துப்போன மற்றவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. அக்காவின் மகன் அதில் ஒருவன்.

துக்கம் விசாரிக்க அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே அத்தனை கூட்டம். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டேதானே இருந்தீங்க சார். நாங்கதான் உங்களைக் கேலி பண்ணிக்கிட்டு இருந்துட்டோம்" என்றாள். யாரோ ஒரு நாற்காலி போட்டார்கள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். மனதுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்தது.

பிறகு நீங்கள் அந்த நட்டுகளை எடுத்துப் பார்த்து, உடையவில்லை, ஆள் வைத்துத் தளர்த்தியிருக்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். நல்ல சோதனை. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். தளர்த்தியது நான்தான். விழும் என்று தெரிந்தும் மேடையில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்ததில்லை. நினைத்திருந்தால் அங்கே மறுபடி மறுபடி போயிருப்பேனா?

பேனாவை மூடிவிட்டீர்கள். முழுவதும் கிடைத்துவிட்டது, இனி வரவேண்டியதில்லை என்று உங்கள் முகமே சொல்கிறது. கொஞ்சம் உட்காருங்கள். நேற்றுக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே.

இருக்கிறது. இன்னொரு மைதானம். அங்கேயும் எனக்கு நாற்காலி போட்டார்கள். அங்கேயும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். என் அலுவலகத்தில் கேட்டுப் பிரயோஜனமில்லை. நான் போகாத சின்ன மைதானமே இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம். இன்னும் நாள் இருக்கிறது, பதறவேண்டாம். ஊர்ப் பெயரை நாளைக்குச் சொல்கிறேன். எந்த வரிசை, எந்தக் கம்பி என்பதை அதற்கு மறுநாள் பேசிக்கொள்ளலாம். இதே நேரத்துக்கு வந்துவிடுங்கள். டீ எல்லாம் வாங்கிக்கொண்டு வரவேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.