முங்கிப்போன வாசப்படி

— அந்தப் பக்கம் வேணான்றேன்ல பேபி? துடுப்ப இந்தாண்ட போடு.

— காத்து எறங்குதுய்யா. நான் உக்காந்துகினு கீற எடமே பள்ளமாயிடுச்சு. கரையான்சாவடி முகாம் வரிக்கும் இந்த ரப்பர் போட்டு தாங்காது. தோ பாரு, உன் தம்பி ஊட்டு பால்கனி. அங்க கட்டிட்டு பம்பு அடிச்சிக்கலாம்.

— அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நானு. நூம்பல் ஊருக்கே தெரியும்.

— வாசப்படி எங்கய்யா கீது? அது தண்ணிக்குள்ள முங்கிகினு கீது. பால்கனிக்கு ஏது வாசப்படி?

— நல்லா பேசு. கிரகப்பிரவேசப் பத்திரிகைல ஊரான் பேரெல்லாம் போட்டான் ஆனந்தன். ஜெயராமன்னு கூடப்பொறந்தவன் ஒருத்தன் கீறான், அவன் பேரு மட்டும் அச்சுல ஏறலியா?

— அப்பன் ஊட்ட நீ எடுத்துகினு, கூவத்தோரப் பள்ளத்த அவன் தலைல கட்டின. அந்தக் காண்டு அவனுக்கு இருக்காதா?

— இங்க தண்ணி ஏறும்னு நான் கனா கண்டனா?

— இப்ப ஏறிகீதுல்ல. கம்முனு வா. ரேகா! ஏ ரேகா!

— யாரு? அய்யோ, அக்கா! மாமா! நீங்களா? இந்த மழையிலயா?

— போற வழில நிக்கிறோம்மா, அவ்ளோதான். காத்தடிச்சிகினு கெளம்பிடுவோம். உள்ளலாம் வர மாட்டேன்.

— சரி மாமா, வராதீங்க. கயித்த இப்படிப் போடுங்க, கம்பியில கட்டிடறேன். அக்கா, கையக் குடுங்க.

— அய்ய, மெதுவா இழு ரேகா. உடம்பு முன்ன மாதிரி இல்ல.

— ஓட்ட எங்கயும் காணமே பேபி. இன்னா இது, காத்து மூடி தொறந்துகீது?

— கழண்டுகினு இருக்கும்.

— திருகி மூடினதே நானு. தானா எப்டி கழலும்?

— போலீசாட்டம் கேள்வி கேக்காத. பம்பு அடி.

— டீ போடவா மாமா? கேஸ் அடுப்ப மேல தூக்கியாந்துட்டோம். உங்களுக்கு சக்கர கம்மி, ஞாபகம் இருக்கு.

— அதெல்லாம் வாணாம். அவன் எங்க?

— அவரு... தூங்கறாரு மாமா.

— ஊடு முழுக்க தண்ணி நின்னுகினு கீது, தூங்குறானா?

— நைட்டெல்லாம் சாமான் தூக்கினாரு. அசதி.

— போயி எழுப்பேன் ரேகா. அண்ணன் வந்துகீதுன்னு சொல்லு.

— வேணாம்க்கா.

— பாத்தியா பேபி? என் கொரலு அவன் காதுல வுழாதா? தலைய நீட்டல பாரு. நெசமா சொல்றேன், அவன் மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. போதும். கயித்த அவுத்து வுடு, கெளம்பு.

— மாமா, இருங்க! அவரு உள்ள இல்ல.

— இன்னாது?

— காலையிலயே போயிட்டாரு. லாரி டியூப்ல உக்காந்துகிட்டு, பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் பையில கட்டிகிட்டு. உங்க வீட்டுக்குத்தான் மாமா. ‘எங்கண்ணன் பிரஷர் மாத்திர வச்சிருக்கோ இல்லியோ’ன்னு பொலம்பிகிட்டே போனாரு. யார் கிட்டயும் சொல்லாத, அண்ணன் கதவத் தொறக்கலன்னா எனக்கு அசிங்கம்னாரு. நானும் போட்டுகிட்டே இருக்கேன், போன எடுக்கல.

— டியூப்லயா? அவனுக்கு நீச்சல் தெரியாதேம்மா!

— நான் சொன்னா எங்க கேக்கறாரு.

— மெயின் தெருவாலதான் போயிருப்பான். நாம கோயில் பக்கமா வந்துட்டமே பேபி! அங்க கால்வாக்கு மூடியே இல்ல. போட்டத் திருப்பு. காத்து போதும், திருப்புடி!

— தோ எறங்கிட்டேன், திருப்புறேன்யா. நீ மொதல்ல உக்காரு, கவுத்துடப் போற.

— மாமா! போன் வருது! அவருதான்! அலோ? எங்க இருக்கீங்க? அவங்க இங்க வந்திருக்காங்க... ஆமா, நம்ம வீட்டுக்குத்தான். ரெண்டு பேருமே.

— உசுரோட கீறானா? இன்னா சொல்றான்?

— உங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்திருக்காராம்.

— ரூம்லயா? அதப் பூட்டிட்டுத்தான வந்தோம். சாவி தோ எங்கிட்ட கீது.

— இவரு கிட்ட கல்யாணத்துக்கு முன்னாடி வச்சிருந்த பழைய சாவி இருந்துச்சாம். சும்மா போட்டுப் பாத்தாராம், தொறந்துக்கிச்சாம். இத்தன வருசமா பூட்ட ஏன் மாத்தலன்னு கேட்டு அழுவறாரு மாமா.

— இன்னாத்துக்கு மாத்தணும்? அவன் ரூமுதான அது.