மூணாவது தடவ கேட்ட பூ

...அதத்தான் சொல்ல வாரேன் தாயீ. திரியத் தூண்டுனது போதும், இங்க பாருங்க. விளக்குக்கு முன்னால உக்காந்து அம்மன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறோம். சரி... அவ பதில் சொன்னா, அத ஏத்துக்க நாம தயாரா? என்ன, எல்லாரும் தலைய ஆட்டுதிய? அப்போ ஒரு சின்னக் கதை சொல்லுதேன். பொறவு ஏத்துவோம் விளக்க.

எங்க ஊருல ஒரு கபடி டீமு. அத நடத்துறது என் கொழுந்தன் பரமகுரு. ஆடி மாசக் கோயில் கொடையில நடந்த பைனல்ல தோத்துட்டாங்க. எப்படித் தோத்தாங்க? நம்பிராசன்னு ஒரு பய, இடது ஓரத்துல நின்னு கணுக்காலப் பிடிக்கவன்... பிடிச்ச காலு கைய விட்டு வழுக்கிட்டு. அவ்வளவுதான். கோப்பை போச்சு.

அதுக்கப்புறம் மழ. ஆட்டம் கிடையாது. ஆனா ஆட்டம் இல்லாத மாசத்துலதான ஆள் மாத்துற கூத்தெல்லாம் நடக்கும்! பக்கத்து ஊரு நெட்டூரணிக்காரங்க சொல்லி விட்டாங்க: "நம்பிராசன எங்களுக்குக் குடுங்க, எங்க தவசிய நீங்க எடுத்துக்கோங்க." தவசி யாரு? ஆறடிப் பய. கபடி கபடின்னு பாடிப் போனான்னா ரெண்டு பேரத் தொடாமத் திரும்ப மாட்டான். கொழுந்தனுக்கு வாயூறிட்டு.

ஆனா நெட்டூரணி நம்பிராசனுக்கு மாமியார் ஊரு. "எங்க தங்கச்சியக் கூட்டிட்டு ஓடுனவன்"னு மச்சினன்மாரு கல்யாணத்துக்கே வரல. அவனுவதான் அந்த டீமுல ஆடுதானுவ. கபடியில பக்கத்துல நிக்கவன் கையக் கோக்காம முடியுமா? மூஞ்சி குடுத்துப் பேசாதவன் கையப் பிடிச்சிக்கிட்டு இவன் ஆடணும்!

அவன் பொண்டாட்டி பகவதி தெனமும் எங்க வாசல்ல வந்து நிப்பா. "அத்த... பரமகுரு மாமா முடிவு ஏதாச்சும் சொன்னாவளா?"

"இல்ல மக்ளே."

"எங்க வீட்ல இவிய சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்காவ அத்த, வாயில வைக்க மாட்டேங்காவ."

கொழுந்தன்ட்ட கேட்டா, "பாப்பம் மயினி... பாப்பம்"ங்கான். ஏன் பாப்பம்? "நீ போலே"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லப் பயம்! அந்தப் பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சான் பாருங்க... கோயில்ல பூக்கட்டிப் பாப்போம்னுட்டான். வெள்ளப் பூ வந்தா இருக்கட்டும், செவப்பு வந்தா போகட்டும். அம்மனே சொல்லிட்டா எவன் எதுத்துப் பேசுவான்?

வெள்ளிக்கிழம உச்சிப் பொழுது. நாங்கல்லாம் சன்னதியில நிக்கோம். நம்பிராசன் கும்பிட்ட கைய எறக்கல. பகவதி என் கையப் பிடிச்சிருக்கா. எலயில மடிச்ச ரெண்டு பொட்டலம். பூசாரி ஒண்ண எடுத்தாரு. பிரிச்சாரு...

வெள்ள!

பகவதிக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. ஒடனே கொழுந்தன் சொல்லுதான், "பூசாரி, ஒரு தடவ கேட்டாப் பத்தாது. இன்னொருக்கக் குலுக்கிப் போடுங்க."

போட்டாரு. எடுத்தாரு. பிரிச்சாரு... வெள்ள!

"பூ வாடிட்டு பூசாரி."ங்கான் கொழுந்தன். " வாடுன பூவுல ஆத்தா எப்படி வாக்குச் சொல்லுவா? புதுப் பூ வாங்கிட்டு வாரேன்."

நான் சொன்னேன், "யய்யா, அவ ரெண்டு தடவ சொல்லிட்டாளே?"

"மயினி, நீங்க சும்மா இருங்க. இது டீமு விசயம்."

பஜாருக்குப் போனான். வந்தான். அவனே கட்டுனான், அவனே போட்டான், அவனே எடுத்தான். பிரிச்சான்... செவப்பு.

"ஆங்! பாத்தியளா? ஆத்தா சொல்லிட்டா!" கன்னத்துல வேற போட்டுக்கிடுதான்!

நம்பிராசன் சத்தம் போடல. "அண்ணாச்சி, நான் வேண்டாம்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாம்லா. ஆத்தாவ ஏன் இத்தன தடவ செரமப்படுத்துனிய?"ன்னான். போய்ட்டான். நெட்டூரணியில, மச்சினன்மாரு நீட்டாத கைக்குப் பக்கத்துல போயி நின்னான்.

தவசி வந்தான். நல்லாத்தான் ஆடுனான், பொய் சொல்லக் கூடாது. ஆனா மத்த பயலுவ? "அடுத்து எனக்குப் பூக்கட்டுவாங்களோ... எனக்குக் கட்டுவாங்களோ..." கொழுந்தன் பொண்டாட்டிக்கு ஒரு முழம் மல்லி வாங்குனாக்கூட பயலுவ மூஞ்சி வெளுத்துரும். "அண்ணாச்சி... பூ யாருக்கு?" சிரிக்காதீங்க! அப்படி ஒரு பயம். பாஞ்சு காலப் பிடிச்சாதான வழுக்கும்? பிடிக்கவே வேண்டாம்னு ஒருத்தனும் பாயல. பொங்கலுக்கு மொத ஆட்டத்துலயே வெளிய வந்துட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, இது அம்மன் தப்பா?

நாம மட்டும் என்ன செய்யோம்? விளக்கு நின்னு எரிஞ்சா அம்மன் வாக்கு, அணைஞ்சா காத்து! இந்தச் சோசியரு ஆகாதுன்னா அந்தச் சோசியரு. நமக்குப் பிடிச்ச பதில் வார வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு பிடிவாதம் தாயீ, அத வேண்டுதல்னு சொல்லாதீங்க. மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டியா? மருமகள்ட்ட சொல்லணுமா, தம்பிட்ட சொல்லணுமா, அந்த மூஞ்சியப் பாத்து நீயே சொல்லு. பயமாத்தான் இருக்கும்... பயந்துகிட்டே சொல்லு. "ஆத்தா, சொல்லுற தைரியத்தக் குடு"ன்னு கேளு. அத அவ மொத தடவையே குடுப்பா.

சரி, ஏத்துங்க விளக்க...

அடியே, இருங்க இருங்க! இப்பத்தான் நெனப்பு வருது. கொழுந்தன் புதுப் பூ வாங்கிட்டு வாரதுக்குள்ள உச்சிப் பூச முடிஞ்சு, பூசாரி நடையச் சாத்திட்டுச் சாப்பிடப் போய்ட்டாரு. மூணாவது தடவ நாங்க கேட்டது... பூட்டுன கதவுகிட்டல்லா!