நாலாவது தடவை வந்த வெள்ளைப் பூ

அம்மை குத்திய தழும்பு இருந்தால்தான் ஆவடி செங்கல் சூளையில் வேலை என்றார்கள். அதனால் திருமழிசைச் சத்திரத்தில் அம்மை குத்துபவர் முன் நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் அண்ணனும்.

"ஆத்தா மூணு தபா வேணாம்னுட்டா அண்ணாத்தே. நாலாவது தபாதான் உத்தரவு குட்த்தா."

அண்ணன் சிரித்தார். "சாமியே கெடையாதுன்னு ஊரெல்லாம் பேசிகினு கீறேன். நீ இல்லாதவகிட்ட உத்தரவு கேட்டியா?"

"பூ கட்டிப் பாத்தேன். வெள்ள வந்தா குத்திக்கலாம், செவப்பு வந்தா வேணாம். மூணு தபாவும் செவப்பு."

"அப்பால?"

"பக்கத்து ஊட்டுல அம்மை வார்த்து ரெண்டு கொயந்த பூட்ச்சி. நாலாவது தபா ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவையே வச்சி கட்டிட்டேன்."

"அடிப்பாவி! ஆத்தாளையே ஏமாத்திட்டியா?"

"அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் சும்மா இருந்தா."

அம்மை குத்துபவர் குழந்தையின் கையில் கீறினார். அது வீறிட்டு அழுதது. கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்து நீங்க வாங்க," என்று அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் கத்தியைப் பார்த்தார். பிறகு தங்கையின் காதருகே குனிந்தார்.

"எனக்கும் ஆத்தாகிட்ட பூ கட்டிப் பாரும்மா. ஒரே தபா கேட்டா போதும்."