ஹாலில் முப்பத்தெட்டு டிகிரி

— “ஏப்ரல் ஒன்பது, வியாழக்கிழமை. முதலில் ஒரு தவறு. நேற்று மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய அளவை மூன்று இருபதுக்குத்தான் எடுத்தேன். ஆனால் மூன்று என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஹாலில் முப்பத்தெட்டு டிகிரி. பக்கத்து வீட்டு ஹாலிலும் முப்பத்தெட்டு. என் கணக்குப்படி நம் வீட்டில் முப்பத்தைந்து இருக்க வேண்டும்.” இவ்ளோதான் மேஸ்திரிண்ணா. பத்து நாளா இதே கதை.

— இருபது நிமிஷத்துக்கெல்லாம் ஒரு நோட்டாம்மா? நான் வீட்டையே பதினஞ்சு நாள் லேட்டா முடிச்சேன். எங்கியும் எழுதி வெக்கல.

— கம்பெனில ஆர்டர் இல்லன்னு லீவு வுட்டாங்க, அதான் ஒக்காந்து அளந்தேன். ஈவினிங் கிளாஸ்ல ராஜேஷ் சார் கிட்ட காட்டினா, எங்கியோ தப்பு பண்ணிருக்க மேகலான்னுட்டாரு. மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன், எங்கன்னு தெரியல. கோதண்டபாணி மேஸ்திரி கட்டின சுவரு, உங்களையே கேட்டுடலாம்னு கூப்ட்டேன். செங்கல்ல நிறுத்தி வெச்சு, நடுவுல மூணு இஞ்ச் சந்து வுட்டுத்தானே கட்டினீங்க?

— வுட்டேன். நீ படம் போட்டுக் குடுத்தா மாதிரியே வுட்டேன். டீ வேணாம்மா, நான் கெளம்பறேன். ஆம்பூர்ல ஒரு டேங்க் வேல அப்டியே நிக்குது.

— இப்பதானே வந்தீங்க, உக்காருங்க. சந்துல காத்து நின்னா, வெயிலு சுவரத் தாண்டி உள்ள வர லேட்டாவணும். இங்க நாலு மணிக்கே சுடுது. தொட்டுப் பாருங்க.

— தொடாமயே தெரியுது.

— இன்னா தெரியுது?

— வெயிலு ஜாஸ்தின்னு தெரியுது. ஒரு ஏசிய மாட்டிக்கோயேன். ஊரே அதான பண்ணுது.

— ஏசி மாட்றதுக்கா இவ்ளோ பேர் சிரிக்க இந்த சுவரக் கட்டச் சொன்னேன்? வுடுங்க, தப்பு என்னுதுதான். நேத்தே போய் பாஷா பாய் கிட்ட சொல்லிட்டேன்.

— எந்த பாஷா பாய்? ஷூ தெக்கிற ஷெட்டு ஹயாத் பாஷாவா?

— அவருதான். புது ஷெட்ட நம்ம வீடு மாதிரியே கட்றேன்னு இருந்தாரில்ல. என் கணக்கு தேறல பாய், என்ன நம்பிக் கட்டாதீங்கன்னு சொல்லிட்டேன்.

— அதுக்கு?

— அப்போ பழையபடி தகர ஷீட்டே அடிச்சுடறேன்னாரு. சுத்தியும் ஷீட்டு, மேலயும் ஷீட்டு. சனிக்கிழமை வேலூர்லேர்ந்து லாரி வருது.

— என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அது எனக்கு வர்ற வேலம்மா. மூணு மாச வேல.

— தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருக்கணுமா? அங்க பன்னெண்டு பொம்பளைங்க உக்காந்து தெக்கிறாங்க. எங்கம்மாவும் ஒருத்தி.

— உன் கணக்கு தப்பில்ல.

— உங்களுக்கு எப்டி தெரியும்?

— தோ, உங்கம்மாவே வர்றாங்க. அவங்கள கேளு.

— இன்னாடி, மேஸ்திரிய நிக்க வெச்சே பேசிக்கினு இருக்க? ஏசப்பா, இன்னா வெயிலு இன்னிக்கு. கை வேர்த்து தோலெல்லாம் கறை. நாலு ஜோடி தள்ளிட்டாரு பாய்.

— மரியம்மாக்கா, நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல.

— எத?

— பொங்கலுக்கு முன்ன மேலேர்ந்து ஊத்தினோமே, அத.

— அது எதுக்கு இப்ப?

— இன்னா ஊத்தினீங்க? அம்மா, என்னப் பாத்து சொல்லு.

— மணலும் சிமெண்டும். இன்னாத்த ஊத்துவாங்க? உன்ன வாணியம்பாடிக்காரங்க பாத்துட்டுப் போனாங்களே, மறுநாள் அந்தப் பையனோட பெரியப்பா வீடு பாக்க வந்தாரு. நீ கம்பெனிக்குப் போயிருந்த. கைய மடக்கி ஹால் சுவர டொக் டொக்னு தட்னாரு. “இன்னாங்க, உள்ள ஒண்ணுமே இல்ல போல”ன்னாரு. கூட வந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு எப்டி இருந்திருக்கும்? கூர போடறதுக்கு முன்ன அடைச்சுடு மேஸ்திரின்னு நான்தான் சொன்னேன்.

— ரெண்டு நாள் வேலம்மா. கூலி கூட வாங்கல. எனக்கும் பயந்தான். நாளைக்கு எவனாவது தட்டிப் பாத்து, கோதண்டபாணி ஏமாத்திட்டான்னு சொன்னா?

— அவங்கதான் அப்புறம் வரவே இல்லியே.

— வரல. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?

— பத்து நாளா நான் நோட்ட வெச்சுக்கினு பேஜாராவறத பாத்துக்கினுதானே இருந்த?

— நீ டிகிரி டிகிரின்ன. எதோ கிளாஸ் சமாச்சாரம்னு இருந்தேன். சுவரு கெட்டியானா நல்லதுதானேடி?

— எல்லா சுவரையும் அடைச்சாச்சா?

— சமையல்கட்டு மட்டும் வுட்டோம்மா. அங்க யாரு வந்து தட்டப் போறாங்கன்னு அக்காதான் சொன்னாங்க.

— அடுப்பு இருக்குதுன்னு அங்க நான் அளக்கவே இல்ல. ஞாயித்துக்கெழம மத்தியானத்துல நீ ஏம்மா அங்கயே படுத்துக்கிற?

— சில்லுனு இருக்குது, படுக்கறேன். இப்ப இன்னா ஆயிடுச்சு? நம்ம வீடு, நம்ம சுவரு. ரெண்டு பேரும் சாவு வீட்டுல உக்காந்தா மாதிரி உக்காந்துக்கினு.

— பாஷா பாய் கிட்ட நேத்து வேணாம்னு சொல்லிட்டேம்மா. புது ஷெட்டும் ஷீட்டுதான். சனிக்கிழமை லாரி வருது.

— எங்க ஷெட்டா?

— உங்க ஷெட்டுதான்.

— அடுத்த கோடைக்கு உள்ள இவ்ளோ வேர்க்காதுன்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேனே.

— நான் போய் பாய் கிட்ட பேசறேன். மேஸ்திரி தெரியாம கலவைய உள்ள வுட்டுட்டாருன்னு சொல்றேன்.

— அப்டி சொன்னா அந்த வேலய எனக்கா குடுப்பாரு?

— உங்க பேரையும் சொல்லாம, அம்மா பேரையும் சொல்லாம நான் இன்னான்னு சொல்றது மேஸ்திரிண்ணா?

— நீ ஒண்ணும் சொல்லாத. நோட்ட எடு, எழுது. நாளைக்கு காலைல எட்டரைக்கு, மீதி பதினோரு பேர் எதிர்லயும், சுவர அடைக்கச் சொன்னது நான்தான்னு பாய் கிட்ட நானே சொல்றேன். ஜும்மா முடிஞ்சதும் அவர இங்க சமையல்கட்டுக்குக் கூட்டியார்றேன். நீ காலைலேர்ந்து அடுப்பு பத்த வெக்காத.