கப்பல்கார இரத்தினசிங்கத்தின் நிம்மதி

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் சிவபாலன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் மூத்தோரே, முன்வரிசையில் பிள்ளைகளோடு இருக்கும் திலகம் அக்கா அவர்களே, கிரெய்கிபர்னில் இருந்தெல்லாம் காரோட்டி வந்து ரோவில் ஊரின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் சவரிமுத்து. நாம் எல்லோரும் கப்பல்கார இரத்தினசிங்கம் என்று அழைத்த அந்தப் பெருமகனோடு, சங்கத்தின் உல்லாசப் பயணக் குழுவில் நெடுங்காலம் வேலை செய்தவன். போன ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தபடியே அவர் போய்விட்டார். நோயும் இல்லை, நோவும் இல்லை. எனக்கு அழுகை வருகிறது. ஆனாலும் மனதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இந்த இடத்தில் நிம்மதி என்ற சொல்லை ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எண்பத்தாறாம் ஆண்டு, நம்மில் எத்தனை பேரிடம் கார் இருந்தது? விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனோம்? அதற்கு வழி கண்டவர் யார்? றெயில்வேயில் பொறியியலாளராக இருந்த இரத்தினசிங்கம் அவர்கள்தான். ஒவ்வொரு தை மாதமும் செயின்ட் கில்டா துறையில் ஒரு பழைய வெள்ளைக் கப்பலை நாள் முழுக்க வாடகைக்குப் பிடிப்பார். அது குடாவின் கரையோரமாகப் போய், மறுமுனையில் இருக்கும் சொரென்ரோவில் நம்மை இறக்கும். பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடும். போகிற இடத்தில் நமக்கு ஒரு வேலையும் கிடையாது. கடலைப் பார்ப்பது, சாப்பிடுவது, பாடுவது, அவ்வளவுதான்.

முதல் பயணத்தில் என்ன நடந்தது தெரியுமா? கல்யாண வீட்டுப் பழக்கத்தில் சட்டிகளையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டோம். சாப்பாடு தயார் என்று சமையலுக்குப் பொறுப்பான செல்வராணி அன்ரி சொன்னதுதான் தாமதம், கப்பலில் இருந்த அவ்வளவு பேரும் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். கப்பலும் அவர்களோடு சாய்ந்தது. கப்டன் றொன் முகம் சிவக்க ஓடிவந்தார். அடுத்த வருடத்திலிருந்து இரத்தினசிங்கம் ஐயா ஒரு சட்டம் போட்டார்: சோறு இடப்பக்கம், கறி வலப்பக்கம். பாதிப்பேர் சோற்றுக்கும் பாதிப்பேர் கறிக்குமாக நடந்துகொண்டே இருந்தோம். கப்பல் நேராகப் போனது. நாம் வயிறு நோகச் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. எதிர்க்கரையில் இருக்கும் குவீன்ஸ்கிளிவ்வுக்கும் சொரென்ரோவுக்கும் இடையில் கார் ஏற்றும் கப்பல் வந்தது. நம் வீடுகளுக்கும் கார் வந்தது. காரோடு ஏறலாம், காரோடு இறங்கலாம்; பிந்திப்போனால் அடுத்த கப்பல் இருக்கிறது. நேரத்துக்குப் போய்ப் பழகாத நமக்கு இதைவிட என்ன வேண்டும்? கரையோர உல்லாசக் கப்பல்களில் சனம் குறைந்தது. தொண்ணூற்றாறில் கப்டன் றொன் தன் கப்பலை விற்றுவிட்டார். அந்த வாரம் இரத்தினசிங்கம் ஐயாவின் மனைவி திலகம் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, இவர் ஒருத்தரோடையும் கதைக்கிறாரில்லை. கப்பல் போன கவலைபோல கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ."

அந்தத் தை மாதம் சங்கத்துக் குடும்பங்களெல்லாம் கார்க் கப்பலில் போனோம். வற்புறுத்தி அவரையும் ஏற்றிவிட்டேன். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஆறுதல் சொல்லப் பக்கத்தில் போனேன்.

"என்ன சவரி, அழுமாப்போல நிக்கிறீர்?"

"எங்கட கப்பல் போட்டுதே அண்ணை."

"போகட்டும். எனக்கு நீந்தத் தெரியாது, ஐசே."

நான் திகைத்துப்போனேன். அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"தை மாதம் வந்தா எனக்கு நித்திரை இல்லை. ஒரு பிள்ளை விழுந்தா குதிக்க ஏலாதவன், ஊர்ப் பிள்ளையளை எல்லாம் ஏத்திக்கொண்டு போறன். தாய் தகப்பன் என்னை நம்பியெல்லோ வந்தவை? நிப்பாட்டினா சனம் எங்க போகும் எண்டுதான் நடத்தினனான். இப்ப பொறுப்பு என்ர தலையில இல்லை. இண்டைக்குத்தான் கடலை வடிவாப் பாக்கிறன்."

அவர் வீட்டில் பேசாமல் இருந்தது கவலையால் அல்ல. ஊரே துக்கம் விசாரிக்கும்போது தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான்!

அதோடு விட்டாரா? அந்தத் தளத்திலேயே ஒவ்வொருவரிடமும் போய், நீந்தத் தெரியுமா என்று கேட்டார். கடலோரத்தில் பிறந்தவர்கள் நாம். தெரியும் என்றவர்கள் இரண்டோ மூன்றோ பேர். அடுத்த மாதம், அறுபது கடந்த அந்த மனிதர், நகரசபை நீச்சல் குளத்தில் நம் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அங்கிள், கிக், கிக்" என்று அவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படித்தான் நம் சங்கத்தின் சனிக்கிழமை நீச்சல் வகுப்பு பிறந்தது. பெண்கள் கூச்சப்பட்டபோது, குளத்து நிர்வாகத்தோடு வாதாடி அவர்களுக்கென்று தனி நேரம் வாங்கியவரும் அவர்தான். செல்வராணி அன்ரியே இறங்கிவிட்டார். திலகம் அக்கா மட்டும் துவாய்களோடு கரையில் இருப்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐயா தண்ணீருக்குள் நின்று கூப்பிடுவார். அக்கா அடுத்த கிழமை என்பார்.

போன கோடையில் ரோஸ்பட் கடற்கரையில் நம் சங்கத்துச் சிவமணியின் மகளை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளை பதறவில்லை. வகுப்பில் பழகியபடி மல்லாந்து மிதந்தாள். கடற்கரை உயிர்காப்பாளர்கள் நீந்திப் போய்க் கூட்டிவந்தார்கள். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அந்தச் செய்தியை இரத்தினசிங்கம் ஐயாவிடம் சொன்னது நான். எழுந்து குசினிக்குள் போனார். அடுப்படியில் நின்ற திலகம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எந்தத் தாயிடம் போய் என்ன சொல்வேன் என்று இத்தனை காலம் பயந்திருந்தாரோ, அந்தப் பயம் அன்றோடு அவரை விட்டது. அதனால்தான் நிம்மதி என்றேன்.

இந்த வேலை நிற்காது. சங்கத்தின் சார்பில் உங்கள் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். என்றாலும் துக்க வீடு, முப்பத்தோராம் நாள் கழியும்வரை வகுப்பை ஒத்திவைக்கலாமா என்று நேற்று அக்காவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வேண்டாம் தம்பி, இந்தச் சனிக்கிழமையே வையுங்கோ. நானும் இறங்கப்போறன். கூப்பிட இனி அவர் இல்லை, நானாத்தான் வரவேணும்."

அக்கா, நீங்கள் வாருங்கள். நாங்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நிற்போம்.