வீசம் பங்கு

உயரே போனால் காபி ருசிக்காது. அது காபி போட்டவரின் குற்றமில்லை. விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருந்தாலும் தரையில் இருக்கிற அளவுக்கு வைக்க முடியாது. உள்ளே இருப்பவர் ஒரு நடுத்தர மலையின் மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மூக்கு காயும், நாக்கு பாதி தூங்கிவிடும். இதைப் பல பெரிய மனிதர்களுக்கு நான் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் விசாரிக்க வந்திருப்பது அவரைப் பற்றித்தான்.

எங்கள் கம்பெனியின் தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முழு விமானம் வாங்க வசதியில்லாத பணக்காரர்களுக்கு நாங்கள் விமானத்தைக் கூறு போட்டு விற்கிறோம். கால் பங்கு, அரைக்கால் பங்கு, ஆகச் சிறியது வீசம், அதாவது பதினாறில் ஒன்று. பங்குதாரர் போன் செய்தால் சில மணி நேரத்தில் விமானம் போய் நிற்கும். அவர் பங்கு வாங்கிய அதே விமானமாக இருக்க வேண்டியதில்லை. அதே ரகத்தில் எது சும்மா நிற்கிறதோ அது போகும். பைலட்டுகள் எங்களுக்குள் பங்குதாரர்களைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'நாளைக்கு யாரு?' 'அரைக்கால், மாமியாரோட.' அவ்வளவுதான். வீசக்காரர்களுக்குச் சொந்தம் ஒரு டயரும் கழிவறைக் கதவும் மட்டும்தான் என்று ஒரு பழைய கேலியும் உண்டு.

விமானத்தில் நாங்கள் இரண்டு பைலட்டுகள் மட்டும். பணிப்பெண் கிடையாது. பெட்டி தூக்குவது, காபி கலப்பது, கோப்பை கழுவுவது, அவர்கள் இறங்கிப்போன பிறகு சீட் இடுக்கிலிருந்து முந்திரித் துண்டு பொறுக்குவது எல்லாம் நாங்கள்தான். "தோள்ல நாலு பட்டை போட்டுக்கிட்டு டாய்லெட் கழுவுற ஒரே மனுஷன் நீங்கதான்" என்பாள் என் மனைவி. அவள் தம்பி இன்னும் ஒரு படி மேலே போவான். "டாக்ஸிக்காரனாவது பின்னாடி இருக்கிறவனைத் திரும்பித் திட்டலாம் அத்தான். உங்களுக்கு அதுவும் இல்ல." நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்குக் கோபம் வராது. என்னோடு பறந்த யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இறந்தவரை வீசம் என்றே சொல்கிறேன், வாய்க்குப் பழகிவிட்டது. கட்டட கான்ட்ராக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் சிமெண்ட் தூசியைச் சுவாசித்ததில் நுரையீரல் இரண்டும் போய்விட்டன. தோள்பையில் ஒரு சின்ன இயந்திரம், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். கூடவே அவர் மகள். திருமணமாகிக் குழந்தைகள் உள்ள பெண், அப்பாவுக்காகத் தன் வீட்டை விட்டுவிட்டு அவரோடு அலைந்துகொண்டிருந்தாள்.

அவர் தன் பங்கை முழு விமானமாகவே நினைத்தார். வேறு எண் கொண்ட விமானம் போய் நின்றால் படியிலேயே நின்றுவிடுவார். "இது நம்ம வண்டி இல்லையே, கேப்டன்." நான் விளக்குவேன். "அப்ப நம்ம வண்டியில எவன் சுத்துறான்?" என்பார். மறுபடி விளக்குவேன். அவருடைய செருப்பை நான் எடுத்து ஓரமாக வைப்பேன். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பதினாறு பேர் குடிச்ச மிச்சமா?" என்று கேட்பார். இவை ஒன்றும் பெரிய விஷயமல்ல. என் மனதில் இவை தங்கவுமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் மனதில் தங்கியது என் துணை பைலட்டுக்கு நேர்ந்தது. செக்லிஸ்ட்டை வருகைப் பதிவு எடுப்பதுபோல் வாசிப்பதால் எல்லோரும் அவளை டீச்சர் என்பார்கள். கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். நல்ல கை, நல்ல காது. அப்படிப்பட்ட பெண்ணை அந்த மனிதர் ஒருநாள் என் முன்னாலேயே அவமானப்படுத்தினார்.

நடந்தது இதுதான். போகும்போது நான் இறக்கினேன். குறுக்குக் காற்று, சக்கரம் கொஞ்சம் அழுத்தமாகத் தரையைத் தொட்டது. திரும்பி வரும்போது அவள் இறக்கினாள். கதவைத் திறந்து படியருகே நாங்கள் இருவரும் நின்றோம். வீசம் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்து, "கண்ணு, இனிமே நீயே இறக்கு. இவர் இறக்கினா பல் செட்டு கழண்டு விழுது" என்றார்.

"அப்பா, சும்மா வாங்க" என்றாள் மகள்.

"நெசமாத்தான் சொல்றேன். வயசாயிட்டா கை மரத்துப்போயிடும். நான் கொத்துக்கரணையைக் கீழ வைக்கலையா? கேப்டன், நீங்களும் இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கங்க. காபியாவது ஒழுங்கா போடலாம்."

டீச்சர் சிரித்தாள். ஒரு சின்னப் பெண்ணை அவளுடைய கேப்டன் எதிரே பொம்மை மாதிரி வைத்து விளையாடினால் அவள் வேறென்ன செய்ய முடியும்? பயத்தில் வருகிற சிரிப்பு எனக்குத் தெரியும். அன்று மாலை ஓட்டல் அறையில் என்னால் சாப்பிட முடியவில்லை. அவளுக்காகத்தான்.

கடைசிப் பயணத்துக்கு வருகிறேன். வேறொரு நகரத்தில் அவருக்கு நுரையீரல் மாற்று அறுவைக்கு இடம் கிடைத்திருந்தது. வெகுநாள் காத்திருந்து கிடைத்த இடம். ஆம்புலன்ஸ் அங்கே ஓடுபாதை ஓரத்திலேயே நிற்க ஏற்பாடு. பயணக் குறிப்பில் மருத்துவரின் நிபந்தனை தெளிவாக இருந்தது: தாழப் பறக்க வேண்டும், உள்ளே காற்று முடிந்தவரை தரையளவில் இருக்க வேண்டும். தாழப் பறந்தால் எரிபொருள் அதிகம் செலவாகும், ஆகவே நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் குறிப்பை முழுவதும் படித்தேன். சரிபார்க்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

படியேறும்போது வீசம் கொஞ்சம் பயந்திருந்தார் என்று நினைக்கிறேன். என் முன்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "பாத்துக் கொண்டுபோய் சேர்த்துடுங்க கேப்டன்" என்றார். "கண்டிப்பா சார்" என்றேன்.

இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். துணை பைலட் ஏதாவது தவறாகப் பார்த்தால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேப்டன் பதில் சொல்லவில்லையென்றால் இன்னொரு முறை கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், கேப்டனுக்கு மயக்கமோ மதிமயக்கமோ என்று முடிவு செய்து விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அருமையான வழக்கம். பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வருடக்கணக்காக நான் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு சின்னக் குறை உண்டு. தப்புச் செய்கிறவன் பேச்சற்றுப் போவான் என்று அது நம்புகிறது. நான் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னேன்.

மேலே ஏற அனுமதி வாங்கியபோது அவள் கேட்டாள். "சார், குறிப்புல தாழத்தானே போட்டிருக்கு?"

"மேல போனா நடுவுல இறங்க வேண்டாம்மா. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அவருக்கு அதுதானே நல்லது?"

அவள் யோசித்தாள். அதில் நியாயம் இருந்தது. தலையாட்டினாள்.

எங்களுடையது பழைய ரகம். உள்ளே எவ்வளவு காற்று நிற்க வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருப்பி வைக்கலாம். உள்காற்று ஓர் அளவுக்குக் கீழே மெலிந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். மணி அடிக்கும் அளவுக்குச் சற்று முன்னால் குமிழை நிறுத்தினேன். உங்களுக்கும் எனக்கும் அந்தக் காற்றில் லேசாகத் தலை வலிக்கும், கொட்டாவி வரும். ஆரோக்கியமான யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நான் எந்த எல்லையையும் தாண்டவில்லை. பதிவுக் கருவியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

"சார், கேபின் காத்து ரொம்பக் குறையுது."

"பழைய வால்வும்மா, கொஞ்சம் ஆடும். நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மகள் திரைச்சீலையை விலக்கி எட்டிப்பார்த்தாள். "கேப்டன் சார், அப்பா நகமெல்லாம் நீலமா இருக்கு."

"மேல குளிரும்மா. அலமாரியில போர்வை இருக்கு, எடுத்துப் போடுங்க."

அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். குடும்பத்தாரிடம் நான் கடுமையாக நடந்தேனா என்று கேட்டீர்கள், அதனால் இதைக் குறிப்பிடுகிறேன்.

டீச்சர் விடவில்லை. அவளை நான் சரியாகத்தான் பழக்கியிருந்தேன். "சார், நம்ம ஆக்சிஜன் பாட்டிலைக் குடுத்துடலாமா?"

"அவர் மெஷின்ல இருக்கார். டாக்டர் சொல்லாம அளவு கூட்டினா அதுவே ஆபத்து. இந்த வியாதிக்காரங்களுக்கு அப்படித்தான்."

இதுவும் பொய்யில்லை, சில நோயாளிகளுக்கு அப்படித்தான். அவள் கை பெல்ட்டுக்குப் போனது. பின்னால் போய்ப் பார்க்க நினைத்தாள். அந்த நேரத்தில் வானொலியில் அலைவரிசை மாற்றச் சொன்னார்கள். அந்த வேலையை நான் அவளிடமே கொடுத்தேன். அதை முடித்ததும், "கீழ ஒரு ஏர்போர்ட் இருக்கு சார். இறங்கிடலாம்" என்றாள். இந்த முறை அது கேள்வியாக இல்லை.

"அங்க யாரு இருக்கா? ஆம்புலன்ஸ் நிக்கிறது நாம போற இடத்துலம்மா."

 அதுவும் சரிதான்.

விமானி அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் ரம்பம் அறுப்பதுபோல். அப்புறம் இடைவெளி விட்டு விட்டு. இடையில் ஒருமுறை, "கண்ணு" என்றார். மகளைக் கூப்பிட்டாரா டீச்சரைக் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு மகளின் குரல் மட்டும். "அப்பா, இங்க பாருங்க. அப்பா, என்னைப் பாருங்க." ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தேன், இறங்க அனுமதி கேட்டேன்.

அன்று நான்தான் இறக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் தரையைத் தொட்டதில்லை. சக்கரம் உருளத் தொடங்கியதே தெரியவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

வயதானவர், நுரையீரல் இல்லாதவர், வழியில் போய்விட்டார் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். அப்படியே முடிந்திருக்கும். டீச்சர்தான் உங்களிடம் வந்து குமிழைப் பற்றிச் சொன்னாள் என்று தெரியும். சரியாகத்தான் செய்தாள். எனக்கு அவள் மேல் வருத்தமில்லை.

நேற்று அவள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். இந்த அறையில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். சீருடையில் இல்லை. அவளைப் பறக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அது அநியாயம்.

"எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்னை அவமானப்படுத்தினாரும்மா. அந்தப் படிகிட்ட."

 "என்னையா?" என்றாள். "அவர் கிண்டல் பண்ணது உங்களை சார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அவ்வளவுதான்."

நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு அந்தத் தாத்தாவைப் பிடிக்கும். ஆபரேஷன் முடிஞ்சதும் என்னோட முன்னாடி உக்காந்து ஒரு தடவை பறந்து பாக்கணும்னு கேட்டிருந்தார்." எழுந்து நின்றாள். "நான் கேட்டுக்கிட்டே இருந்தேன் சார். நீங்க பதில் சொல்லிக்கிட்டே இருந்தீங்க." போய்விட்டாள்.

சின்ன வயது, அதிர்ச்சியில் இருக்கிறாள். அவளுக்கு அன்று என்ன நடந்தது என்பது அவளுக்கே இன்னும் புரியவில்லை. அவள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். குமிழைத் திருப்பியது நான். மூச்சு நிற்கிறவரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் ஆட்சேபிக்க மாட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெண் பயந்துதான் சிரித்தாள். அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.