பெயின்டர் அண்ணனுக்கு இரண்டாவது இரங்கல் கூட்டம்

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பணிமனை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் அமர்ந்திருக்கும் எங்கள் அக்கா அவர்களே, கையிலிருக்கும் கிரீஸைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேருந்துகளுக்கு இருக்கை தைக்கும் பிரிவிலிருந்து வந்திருக்கிறேன். அழுவதற்கு வரவில்லை. அழுகையெல்லாம் நேற்றே தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது கோபம். பழி தீர்க்காமல் அடங்காத கோபம்!

நம் பேருந்துகளின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதிய கலைஞர், நம் பெயின்டர் அண்ணன் மறைந்துவிட்டார். ஆனால் தோழர்களே, இதே மண்டபத்தில் அவருக்கு ஏற்கெனவே ஒரு இரங்கல் கூட்டம் நடந்ததே, நினைவிருக்கிறதா? புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிக்க வேண்டாம். உண்மையாகவே நடந்தது.

அப்போது அண்ணனுக்குக் காசநோய். தொலைவிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் மனைவி, நம் அக்காவும் துணைக்குப் போய்விட்டார். சங்கத்தின் சார்பில் பார்த்துவரப் போனவர் நம் தலைவர். எதுவரை போனார்? வார்டு வாசல்வரை! மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். கட்டில் காலி. அண்ணன் பின்பக்கம் நின்று சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்க வாயைத் திறந்தால் கிருமி புகுந்துவிடுமே! திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்தார். செத்துவிட்டார் என்று அறிவித்து ஆளையே முடித்துவிட்டார். படம் மாட்டினார்கள், இறந்த தேதி எழுதினார்கள். "இந்த நோய் வந்தவர் யார்தான் மீண்டார்?" என்று இதே ஒலிபெருக்கியில் உருகினார். கண்ணீர் காய்வதற்குள் அண்ணனின் வேலை இவருடைய மச்சானுக்குப் போனது.

ஆறு மாதச் சிகிச்சையை முடித்துக்கொண்டு அண்ணன் சங்க அறைக்குள் நுழைந்தார். சுவரில் அவர் படம். நாமாக இருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்போம். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

"ஏம்ப்பா, செத்தவனுக்கு இவ்வளவு கோணலாவா எழுதுவீங்க?"

பிரஷை எடுத்தார். படத்துக்குக் கீழிருந்த 'கண்ணீர் அஞ்சலி'யைத் தன் கையாலேயே அழகாகத் திருத்தி எழுதினார். தலைவர் பதறிப்போய்க் கழற்ற வந்தபோது, "தொடாதீங்க, அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். வேலையைப் போராடித் திரும்ப வாங்கினார். படத்தை மட்டும் இறக்க விடவில்லை. அதுதான் அவருடைய பழிவாங்கல்!

எனக்கு இருமலில் ரத்தம் வந்தபோது, மாமியார் என் தட்டைத் தனியே வைத்தார். வீட்டுக்காரர் பாயைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார். அண்ணன் என்னை அழைத்துப்போய் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"நல்லாப் பாரும்மா. இவன் செத்துட்டான்னு எழுதியிருக்கு. அப்போ நான் யாரு?"

"நீங்கதாண்ணே அது."

"எது பொய்யி? நானா, எழுத்தா?"

"எழுத்துதாண்ணே."

"அவ்வளவுதான் விஷயம். இது முழுசா குணமாகுற நோய். ஆனா டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் மாத்திரையை விடக்கூடாது."

தினமும் காலையில் அவருடைய பெயின்ட் ஷெட்டில், அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். "சிறுநீர் செவப்பா போகுதுண்ணே" என்று பயந்தேன். "அந்தக் கலரை நான் கலக்கலம்மா, மருந்து கலக்குது. போய் வேலையைப் பாரு" என்றார். இருமல் நின்றதும், "நிறுத்திடவாண்ணே?" என்று கேட்டேன். எரிந்து விழுந்தார். "சத்தம் போட்டவன்தான் ஓடியிருக்கான். ஒளிஞ்சிருக்கவன் உள்ளேயே இருக்கான். பாதியில விட்டா, அப்புறம் இந்த மருந்துக்கே பயப்படாம எந்திரிச்சு வருவான்!"

பாதியில் விட்ட மெக்கானிக் ஒருவரை நாம் பறிகொடுத்தோம். அன்றைக்குத்தான் அண்ணன் அழுது பார்த்தேன். முதல் மருந்துக்கு அடங்காத நோய் வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வேறு மருந்து, கூடுதல் காலம். அவர்களையும் அவர் விடவில்லை. காசநோய் முழுமையாகக் குணமாகுமா என்று இன்னும் கேட்கிறீர்களா? இதோ, மூச்சு வாங்காமல் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேனே, போதாதா?

அண்ணன் கடைசியாக அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தியது நம் டயர் பிரிவுத் தம்பியை. சிகிச்சையில் நான்காம் மாதம். சளியில் கிருமி இல்லை, யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மேலாளர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். தலைவர் "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று நான்கடி தள்ளி நின்று அனுப்பிவைத்தார். அந்த இடத்துக்கு மச்சானின் மகனைப் பேசி முடித்தாயிற்றாமே? வேலையும் இல்லாமல், சாப்பாடும் இல்லாமல், அந்தத் தம்பி மாத்திரையை மட்டும் எப்படித் தொடர்ந்து விழுங்குவான்?

தம்பிக்காக மேலாளர் அறை வாசலில் வெயிலில் நின்றுவிட்டுப் போன அண்ணன், அன்று மாலையே மாரடைப்பில் போய்விட்டார். நோய் அவரைக் கொல்லவில்லை தோழர்களே! அதை அவர் என்றோ வென்றுவிட்டார். அவரை வாசலில் காக்க வைத்தவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

அண்ணனே, கேளுங்கள்! உங்கள் ஷெட்டின் சாவி இனி என்னிடம். காலையில் மாத்திரை விழுங்க வருகிறவர்களுக்கு அது திறந்திருக்கும். நாளை தம்பி கேட்டுக்குள் வராவிட்டால், தையல் பிரிவில் ஒரு ஊசியும் இறங்காது. உங்கள் படத்தை மாற்ற விடமாட்டேன். பொய்த் தேதிக்குக் கீழே மெய்த் தேதியை எழுதச் சொல்வேன். இரண்டும் இருக்கட்டும். முதல் தேதியை எழுதச் சொன்னது யார் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் விரல் நீட்டிக் காட்டுவேன்!

தம்பி, ஜன்னலுக்கு வெளியே ஏன் நிற்கிறாய்? உள்ளே வா. வழி விடுங்கள் தோழர்களே, மேடைக்கு வரட்டும்.

தலைவரே, கைக்குட்டையை மடித்துப் பையில் வையுங்கள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.